சூதாட்ட மாளிகையின் அழகும் பொது ஜன அபிப்பிராயமும்

சிங்கப்பூர் நகரத்தின் நடுமத்தியில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின் மேல், மரினா பே சாண்ட்ஸ் என்னும் பெயருடன் ஒரு சூதாட்ட மாளிகை இருந்து வருவதை, அவ்வூருக்குப் போய் வந்தவர்கள் நேரிலும் மற்றவர்கள் படத்திலும் பார்த்திருக்கலாம். 55 மாடி உயரமுள்ள மூன்று கோபுரங்கள். அவற்றின் தலைமேல் 340 மீட்டர் நீளத்துக்குக் கப்பலைத் தூக்கி வைத்தாற்போல் ஒரு தோட்டம். அத்தோட்டத்தில் நீந்துவதற்கு 150 மீட்டர் நீளத்தில் ஒரு குளம். இவ்வளவும் போதாதென்று, அதன் பக்கத்திலேயே 800 கோடி அமெரிக்க டாலர் செலவில் நான்காவது கோபுரம் ஒன்று கட்ட 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் வேலை துவக்கப்பட்டிருக்கின்றது. அதற்கும் 55 மாடிகளாம், 570 அறைகளாம், 15,000 பேர் உட்காரத்தக்க ஓர் அரங்கமாம். 2031-இல் திறக்க உத்தேசமாம். பழைய மூன்று கோபுரங்களுக்குப் படம் வரைந்த மோஷே சாஃப்டி என்னும் கட்டிடக் கலைஞரே இதற்கும் படம் வரைந்திருக்கின்றார்.

இக்கட்டிடத்தின் அமைப்பைப் பற்றி ஜனங்கள் சொல்லும் அபிப்பிராயங்கள் பலவிதம். கப்பல் என்பார் சிலர். அலைமேல் சறுக்கும் பலகை என்பார் சிலர். இரண்டு சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து வைத்தது போல் இருக்கின்றது, சூதாட்ட வீட்டுக்கு ஏற்ற உருவம்தான் என்பார் சிலர். மாளிகைக்கு முன்னால் பத்து விரல்களை விரித்தாற்போல் கட்டியிருக்கும் பொருட்காட்சிசாலையைத் தாமரைப்பூ என்பவர்களும், விருந்தினரை வரவேற்கும் கை என்பவர்களும் உண்டு. நகரத்துக்கே இது திலகம் என்று மெச்சுகின்றவர்களும், நகரத்தின் முகத்தையே மறைத்துவிட்டது என்று குறை சொல்லுகின்றவர்களும் உண்டு. இவ்வளவு பேச்சுக்கும் இடையில் ஒரு பேச்சு மாத்திரம் நம் காதில் விழுவதே இல்லை. அதாவது, இம்மாளிகை எதன்மேல் நிற்கின்றது என்கின்ற பேச்சு.

கடல் கடந்த ஊரின் கட்டிடத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். சிங்கப்பூர் நமக்கு அந்நிய ஊரல்ல. 1929-30-இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று சுயமரியாதைக் கொள்கைகளைப் பேசிவிட்டு வந்தார். 1935-இல் கோ. சாரங்கபாணி அவர்கள் அங்கு “தமிழ் முரசு” பத்திரிகையைத் துவக்கிச் சீர்திருத்தப் பிரசாரம் செய்தார். அந்நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அனுப்பாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே அங்கு என்ன கட்டுகின்றார்கள் என்பது நம் வீட்டு விஷயமுமாகும்.

முதலில் இம்மாளிகை எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். 2004-ஆம் வருஷம் சிங்கப்பூர் சர்க்கார் சூதாட்டக் கூடம் வைக்கலாமா என்று யோசிப்பதாகத் தெரிவித்தவுடன், ஒரு வருஷ காலம் அவ்வூரில் பெரும் வாதப் பிரதிவாதம் நடந்தது. கிறிஸ்தவ சபைகள் எதிர்த்தன. முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. குடும்பங்கள் கெட்டுப்போகும் என்று பல ஆயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நெடுங்காலமாகச் சூதாட்டக் கூடத்துக்கு விரோதமாயிருந்த லீ குவான் யூ அவர்களும் கடைசியில் மனம் மாறிவிட்டார். அவருடைய தகப்பனார் சூதாடித் தோற்றுவிட்டு வந்து, அடகு வைப்பதற்குத் தாயாரின் நகைகளைக் கேட்டுத் தொல்லை கொடுத்ததை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கின்றார். அப்படிப்பட்டவர் மாறினார் என்றால் பணத்தின் சக்தி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்! 2005-ஆம் வருஷம் ஏப்ரல் 18-ஆம் தேதி, அவருடைய குமாரரும் பிரதமருமாகிய லீ சியன் லூங் அவர்கள், ஒன்றல்ல, இரண்டு கூடங்கள் வரும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதற்குச் சூதாட்டக் கூடம் என்று பெயரில்லை. ஒருங்கிணைந்த உல்லாசத்தலம் என்று பெயர். கள்ளுக்கடைக்குப் பானசாலை என்று பெயர் வைத்தால் போதை குறைந்துவிடும் போலும்!

அதன் பிறகு கம்பெனிகளிடம் திட்டம் கேட்டார்கள். நிலத்தின் விலையை 120 கோடி வெள்ளி என்று சர்க்காரே நிர்ணயித்துவிட்டது. யார் அதிக விலை கொடுக்கின்றார்கள் என்பது கேள்வியல்ல. சுற்றுப் பிரயாணிகளை இழுக்கும் சக்திக்கு 100-க்கு 40 மார்க்கு. கட்டிடத்தின் அழகுக்கும் அமைப்புக்கும் 30. போடும் முதலுக்கு 20. கம்பெனியின் பலத்துக்கு 10. இந்தப் பரீட்சையில் நான்கு கோஷ்டிகள் உட்கார்ந்து, 2006-ஆம் வருஷம் மே மாதத்தில் லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி தேறியது.

வாசகர்கள் இதை நன்றாய்க் கவனிக்க வேண்டுகின்றோம். “வேண்டுமா, வேண்டாமா” என்று ஜனங்கள் கேட்ட கேள்விக்குச் சர்க்கார் பதில் முடிவு செய்துவிட்டது. பிறகு ஜனங்கள் பேசுவதற்கு மிச்சமாய் நின்றது “அழகாயிருக்கின்றதா, இல்லையா” என்பதுதான். தூக்குமரம் வேண்டாம் என்று சொன்னவனிடம், போகட்டும், அதற்கு என்ன வர்ணம் பூசலாம் என்று யோசனை கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கட்டிடத்தின் அழகை நாம் குறை சொல்ல வரவில்லை. சாய்ந்து நிற்கும் கால்களின் மேல் 55 மாடிகளை ஏற்றி, 200 மீட்டர் உயரத்தில் ஒரு தோட்டத்தை வைத்து, அதன் மூக்கு மாத்திரம் ஆதாரமில்லாமல் 65 மீட்டருக்கு மேல் அந்தரத்தில் நீண்டு நிற்கும்படி செய்திருப்பது மனித அறிவின் பெருமையேயாகும். காற்றில் ஒவ்வொரு கோபுரமும் வெவ்வேறு விதமாக அசையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, மேல்தளம் விரிசல் விடாதபடி இணைப்புகளில் இடம் விட்டிருக்கின்றார்கள். இது எந்தத் தேவதச்சனும் கனவில் வந்து சொன்னதல்ல. இரும்பும் சிமெண்டும் கணக்கும் சேர்ந்து செய்த வேலை. இதை மனமாரப் புகழ்கின்றோம்.

ஆனால், அந்தப் புகழையும் வாஸ்துக்காரன் பறித்துக்கொள்ளப் பார்ப்பதுதான் வேடிக்கை. சீனர்களுக்கு ஃபெங் சுய் என்று ஒரு மனையடி சாஸ்திரம் உண்டு. வாசல் எந்தத் திக்கில், தண்ணீர் எந்தப் பக்கத்தில், எந்த உருவம் செல்வத்தைக் கொண்டுவரும் என்று சொல்லுவது அதன் வேலை. நம் ஊர் வாஸ்துவுக்குத் தமையன் என்றே வைத்துக்கொள்ளலாம். இம்மாளிகையை 2010-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி பகல் 3 மணி 18 நிமிஷத்துக்கு நல்ல நேரம் பார்த்துத் திறந்தார்கள். செந்தோசாவிலுள்ள மற்றொரு கூடத்தை அதே வருஷம் பிப்ரவரி 14-ஆம் தேதி, சீனப் புத்தாண்டு நாளில், 12 மணி 18 நிமிஷத்துக்குத் திறந்தார்கள். 18 என்பது சீனர் பேச்சில் “நிச்சயம் செல்வம்” என்பது போல் ஒலிக்கின்றதாம். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் ஊரில் 1993-இல் எம்.ஜி.எம். கிராண்ட் என்னும் சூதாட்ட விடுதியைத் திறந்தபோது, ஒரு பெரிய சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து போகும்படி வாசல் வைத்தார்கள். சிங்கத்தின் வாயில் நுழைவது துரதிர்ஷ்டம் என்று சீனச் சூதாடிகள் அந்தப் பக்கம் வர அஞ்சினார்கள். சில வருஷத்தில் கம்பெனியார் அந்த வாயை இடித்துவிட்டு வேறு வாசல் வைத்தார்கள்.

நாம் கேட்கின்றோம்: 3 மணி 18 நிமிஷம் நல்ல நேரமாயிருந்தால், அது யாருக்கு நல்ல நேரம்? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கா, இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கா? இருவருக்கும் ஒரே சமயத்தில் செல்வம் வருமென்றால், தோற்பவன் யார்? சிங்கத்தின் வாயை இடித்த பிறகு உள்ளே போனவர்கள் எல்லாம் ஜெயித்துக்கொண்டு திரும்பினார்களா? வாசலின் வாயை மூடிவிட்டார்கள். மேஜையின் வாய் திறந்தேதான் இருக்கின்றது. அந்த வாயில் நுழைவதற்கு ஒருவரும் அஞ்சவில்லை!

மற்றொரு சங்கதி. நாலு என்னும் எண் சீனர் பேச்சில் சாவு என்னும் சொல்லைப்போல் ஒலிப்பதால் அதை அபசகுனம் என்பார்கள். லாஸ் வேகாஸில் வின் என்னும் விடுதியில் 40 முதல் 49 வரை மாடி எண்களே கிடையாது. 39-க்கு மேல் 50-தான். அப்படியிருக்க, சிங்கப்பூரில் மூன்று கோபுரம் வைத்திருந்த கம்பெனி இப்போது 800 கோடி டாலரைக் கொட்டி நான்காவது கோபுரம் கட்டுகின்றதே, ஏன் அஞ்சவில்லை? ஏனென்றால், நம்பிக்கை வாடிக்கைக்காரனுக்கு, கணக்கு முதலாளிக்கு. நம்பிக்கையால் லாபம் வரும்போது நல்ல நேரம் பார்ப்பான். நாலாவது கோபுரத்தில் லாபம் வரும்போது நாலையும் கட்டுவான்.

அந்தக் கணக்கு என்னவென்பதைக் கிராமத்துத் தோழர்களுக்கும் விளங்கும்படி சொல்லுகின்றோம். ரூலெட் என்று ஒரு சுழலும் சக்கரம். அதில் சுழியும் 1 முதல் 36 வரையுமாக 37 குழிகள். ஒரு சிறு பந்தை உருட்டுவார்கள். நீங்கள் பணம் வைத்த எண்ணில் பந்து விழுந்தால் வைத்த ஒன்றோடு 35 சேர்த்து ஆக 36 தருவார்கள். ஒரு மனிதன் தந்திரமாய் எல்லா எண்ணிலும் ஒவ்வொரு வெள்ளி வைத்தான் என்று வைத்துக்கொள்வோம். 37 வெள்ளி வைக்கின்றான். எந்தக் குழியில் விழுந்தாலும் 36 வெள்ளி திரும்பி வருகின்றது. ஒரு வெள்ளி வீட்டுக்காரனுக்கு. இதற்கு மேல் அந்த வித்தையில் இரகசியம் ஒன்றுமில்லை. பந்தில் மோசடி இல்லை, சக்கரத்தில் மோசடி இல்லை, பகிரங்கமாய் எழுதி வைத்த விதியிலேயே 100-க்கு 2.7 வீட்டுக்காரனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. ஒருவன் ஒரு நாள் ஜெயிக்கலாம். ஆயிரம் பேர் ஆயிரம் நாள் ஆடினால் வீடு தோற்காது. லாஸ் வேகாஸில் இரண்டு சுழி வைத்த சக்கரமும் உண்டு. அதில் வீட்டுக்காரன் பங்கு 100-க்கு 5.26. எந்தத் திக்கில் வாசல் வைத்தாலும் இந்தக் கணக்கில் ஓர் அணுவும் மாறாது.

பக்காரா என்னும் சீட்டாட்டத்தில் ஆடுகின்றவர்கள் சீட்டை மெதுவாய் மடித்து ஓரத்தைப் பார்த்து, வேண்டாத புள்ளி மறையட்டும் என்று வாயால் ஊதுகின்றார்கள். அச்சிட்ட புள்ளி ஊதினால் பறக்குமா என்று அங்கு ஒருவரும் கேட்பதில்லை. முந்தின ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள் என்று குறித்து வைத்து, அதிலிருந்து அடுத்த ஆட்டத்துக்கு ஜோசியம் பார்க்கின்றார்கள். இப்படிக் குறித்துக்கொள்ளக் காகிதமும் பென்சிலும் கூடத்துக்காரர்களே இனாமாய்த் தருகின்றார்கள்; விளக்குப் பலகையிலும் எழுதிக் காட்டுகின்றார்கள். அந்த ஜோசியம் பலிக்குமானால், தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள எந்த முதலாளியாவது பென்சில் கொடுப்பானா? மூடநம்பிக்கைக்குச் செலவு செய்வது அவனுக்கு வியாபாரம். கோயிலில் விபூதி இனாமாய்க் கொடுப்பதும் இதே மாதிரிதான்.

சூதாட்டத்தை எதிர்த்த மதக்காரர்களின் யோக்கியதையையும் சற்றுப் பார்க்க வேண்டும். சூதாடுவது பாவம், கடவுளுக்கு விரோதம் என்கின்றார்கள். நம் நாட்டுப் புராணத்தில் பரமசிவனும் பார்வதியும் கைலாயத்தில் சொக்கட்டான் ஆடுகின்றார்கள். தருமத்துக்கே புத்திரன் என்று பெயர் பெற்றவன் நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் பெண்டாட்டியை வைத்தான். அவனுக்கு இன்றளவும் தருமராஜா என்று கோயில் கட்டித் தீமிதிக்கின்றார்கள்! பெண்டாட்டியைப் பந்தயப் பொருளாக வைத்தவன் தருமராஜாவானால், அவள் தாலியை அடகு வைக்கின்றவனுக்கு என்ன பட்டம் கொடுப்பது? அன்றியும், சூதாட்டக்காரனாவது 37 வெள்ளி வைத்தால் 36-ஐத் திருப்பித் தருகின்றான். உண்டியலில் போட்ட 37-இல் என்ன திரும்பி வந்தது என்று பக்தர்கள் கணக்குப் பார்த்ததுண்டா? ஆகவே பாவ புண்ணியத்தின் பேரால் நாம் இதை எதிர்க்கவில்லை. உழைத்தவன் பணம் உழைக்காதவனிடம் கணக்குப் பிசகாமல் போய்ச் சேருவதற்கு இது ஒரு யந்திரம் என்பதாலேயே எதிர்க்கின்றோம்.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் சொல்லாமல் இல்லை. இரண்டு தலங்களாலும் சுமார் 35,000 பேருக்கு வேலை வரும் என்றார்கள். வேலை வந்தது உண்மைதான். அதை மறுப்பது நேர்மையாகாது. சூதாடும் இடம் மொத்தத்தில் 100-க்கு 3 முதல் 5 பங்கு மாத்திரமே, மற்றதெல்லாம் விடுதியும் கடையும் அரங்கமும் காட்சிசாலையும் என்றார்கள். அதுவும் வாஸ்தவமே. ஆனால் மரினா பே சாண்ட்ஸின் வருமானத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகின்றது? அந்தச் சிறு பங்கிலிருந்துதான் வருகின்றது. நாம் முதலில் கேட்ட கேள்விக்கு இதுவே பதில். கடலில் இறக்கிய தூண்கள் அல்ல இம்மாளிகைக்கு அஸ்திவாரம். ஜனங்கள் மெச்சும் தோட்டமும் குளமும் தாமரையும் அந்தச் சிறு பங்கின் மேல்தான் நிற்கின்றன. அழகுக்கு 30 மார்க்கு போட்ட பரீட்சைக்காரர்கள், அந்த அழகுக்குச் செலவு செய்பவன் யார் என்று ஜனங்களுக்கு எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.

சூதாட்டத்தினால் கெடுதி இல்லையென்று சர்க்காரே நம்பவில்லை. நம்பியிருந்தால் தம் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மாத்திரம் நுழைவுத் தீர்வை போடுவானேன்? ஒரு நாளைக்கு 100 வெள்ளி, வருஷத்துக்கு 2,000 வெள்ளி என்று வைத்து, 2019 ஏப்ரல் முதல் 150 என்றும் 3,000 என்றும் உயர்த்தினார்கள். திவாலானவர்களும் சர்க்கார் உதவிப் பணம் பெறுகின்றவர்களும் உள்ளே வரக்கூடாதென்று விதி செய்தார்கள். குடும்பத்தார் மனுச் செய்துகொண்டால் சூதாடியைத் தடுத்து நிறுத்தவும் வழி வைத்தார்கள். இவ்வேற்பாடுகள் ஒன்றுமில்லாததைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். தீர்வைப் பணம் தரும காரியங்களுக்குச் செலவாவதாயும் சொல்லுகின்றார்கள். ஆனால் 150 வெள்ளி கொடுத்து நுழைந்தவன் முதலில் அந்த 150-ஐ மீட்கத்தானே உட்காருவான்? பணக்காரனுக்கு 150 ஒரு வேளைச் சாப்பாடு. ஏழைக்கு அது கதவைத் தள்ளிவிட்டு ஓடிவிட முடியாமல் காலில் கட்டிய கல்.

வெளிநாட்டானுக்கோ தீர்வையே கிடையாது. இங்கேதான் நம் கிராமத்து வீடுகளைப் பற்றிய கவலை வருகின்றது. சிங்கப்பூரில் கோபுரங்களைக் கட்டுகின்றவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த கூலிக்காரர்கள். நிலத்தை அடகு வைத்தும், நகையை விற்றும், ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவர்கள். சாரத்தின்மேல் ஏறி வெய்யிலில் நின்றவனுக்கு மேல்மாடியின் குளத்தில் இடமில்லை. 570 அறைகளில் ஓர் அறையிலும் அவன் படுக்கப்போவதில்லை. மாளிகையில் அவனுக்குத் தடையில்லாமல், கட்டணமில்லாமல் திறந்திருக்கும் வாசல் ஒன்று உண்டென்றால் அது சூதாடும் வாசல்தான்! ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் ஒரு தோழன் நுழைந்தால், ஊரில் அடகு நகை ஏலத்துக்குப் போகின்றது. அவன் தாயாருக்கு அந்த மாதம் ஏன் பணம் வரவில்லை என்பது தெரியாது. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுவாள். ஜோசியனும் சனியைக் காட்டி ஐந்து ரூபாய்க்குப் பதில் ஐநூறு வாங்குவான். சிங்கப்பூரில் ஒரு சூது, ஊரில் ஒரு சூது. இரண்டுக்கும் நடுவில் அந்தக் குடும்பம்.

ஆகையால், சிங்கப்பூரிலிருக்கும் நம் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். கோபுரம் அழகாயிருந்தால் தெருவில் நின்று பாருங்கள். அதைக் கட்டிய கைகளை நினைத்துப் பெருமைப்படுங்கள். உள்ளே போவதற்கு முன் 37-ஐயும் 36-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். மனம் நிற்காது என்று தோன்றினால், தங்களை உள்ளே விடவேண்டாம் என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிட அங்கு வழி உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உண்டு. அப்படி எழுதிக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. தன் பலவீனத்தை அறிந்து அதற்குக் கதவடைப்பவனே சுயமரியாதைக்காரன்.

ஊரிலிருக்கும் வாசகர்களுக்குச் சொல்லிக்கொள்வதும் ஒன்றுண்டு. நாளைக்கு நம் ஊரில் ஒரு பெரிய கட்டிடம் எழும்பும்போது, அது கோயிலாயிருந்தாலும், மடமாயிருந்தாலும், மாளிகையாயிருந்தாலும், கோபுரம் எத்தனை நிலை, கலசம் எத்தனை பவுன், கும்பாபிஷேகம் எந்த நட்சத்திரத்தில் என்று மாத்திரம் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பணம் யாருடையது, போவது யாரிடம், திரும்பி வருவது எவ்வளவு என்று கேளுங்கள். பொது ஜன அபிப்பிராயம் என்றால் இந்தக் கேள்விகளைக் கேட்பதுதான். மற்றதெல்லாம் வேடிக்கை பார்த்தலேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.